எண்பதைத் தாண்டினால் ஏன் ஆடுகிறது?

ஊருக்குள் ஓட்டும்போது அந்தக் காரில் ஒரு குறையும் தெரியாது. புறவழிச்சாலையில் ஏறி முள் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் ஆரம்பிக்கும். தொண்ணூறில் அது முழங்கை வரை ஏறும். கதவுப் பையில் செருகிய பாட்டிலில் தண்ணீர் சிலிர்க்கும். இன்னும் கொஞ்சம் மிதித்து நூறைத் தாண்டினால் ஆட்டம் பாதிக்குமேல் அடங்கிவிடும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது அதே தொண்ணூறில் மறுபடி தலைகாட்டும்.

மறுநாள் டயர் கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, ஸ்டியரிங் ஆடுது, அலைன்மென்ட் பாத்துடுங்க" என்போம். அவரும் பார்த்துவிடுவார். ஆட்டம் போகாது. அடுத்து பாலன்சிங், அதற்கடுத்து டை ராடு எண்டு, பிறகு லோயர் ஆர்ம், கடைசியில் ஷாக் அப்சார்பர் என்று பட்டியல் நீளும். புதுச் சாமான்கள் நிறைய ஏறியிருக்கும். தொண்ணூறில் நடுக்கம் மட்டும் பழையபடியே இருக்கும்.

இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். நடுக்கம் என்பது வினாடிக்கு இத்தனை தடவை என்று எண்ணக்கூடிய ஒரு கணக்கு. காரில் சக்கரம் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, எஞ்சின் இன்னொரு வேகத்தில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் மற்றொரு வேகத்தில். எதன் சுற்றோடு நடுக்கத்தின் கணக்கு ஒத்துப்போகிறதோ அங்கேதான் கோளாறு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வினாடிக்குப் பதின்மூன்று

நடுத்தரக் கார்களில் பரவலாக உள்ள 185/65 ஆர்15 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் 185இல் 65 சதவீதம், ஏறத்தாழ 120 மி.மீ. மேலும் கீழும் அதைச் சேர்த்தால் டயரின் முழு விட்டம் 621 மி.மீ. வருகிறது. வண்டியின் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்குவதால், ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் உருளும்.

மணிக்கு 90 கி.மீ. என்பது வினாடிக்கு 25 மீட்டர். அதை 1.9ஆல் வகுத்தால் 13. ஆக, தொண்ணூறில் ஓடும்போது ஒவ்வொரு சக்கரமும் வினாடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுகிறது. அறுபதில் இது ஒன்பதுக்குள் நிற்கும்; நூறில் பதினான்கரையைத் தாண்டும். சக்கரத்தில் ஓரிடத்தில் ஒரு குறை இருந்தால், அது சுற்றுக்கு ஒருமுறை கையைத் தட்டும். தொண்ணூறில் வினாடிக்குப் பதின்மூன்று தட்டு.

இனி எடைக்கு வருவோம். சக்கரத்தைச் சமன்செய்ய ரிம்மின் விளிம்பில் ஒட்டியிருந்த 30 கிராம் எடை எங்கோ வேகத்தடையில் விழுந்துவிட்டது என்று வையுங்கள். பையில் போட்டால் தெரியாத கனம். ஆனால் நூறு கி.மீ. வேகத்தில் சுற்றும்போது அந்த 30 கிராம் குறை, சக்கரத்தை ஏறத்தாழ 5 கிலோ விசையோடு வெளிப்பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவதால் மேலே, முன்னே, கீழே, பின்னே என்று வினாடிக்குப் பதினான்கு முறைக்கு மேல் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த விசை வேகத்தின் இருமடிப்படி வளரும். வேகம் பாதியானால் விசை கால்வாசிதான். ஐம்பதில் ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆட்டம் ஊருக்குள் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

நூறில் ஏன் அடங்குகிறது?

வேகம் ஏற ஏற விசை வளர்கிறது என்றால் ஆட்டமும் வளர்ந்துகொண்டே போகவேண்டும். நூறைத் தாண்டியதும் அது தணிவது எப்படி?

துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்ட வாஷிங் மெஷினைக் கவனித்திருப்பீர்கள். பிழியத் தொடங்கும்போது அமைதியாக இருக்கும். வேகம் ஏறும் வழியில் ஒரு கட்டத்தில் தடதடவென்று உதறும். அந்தக் கட்டத்தைக் கடந்து முழு வேகத்துக்குப் போனதும் ஓரளவு நிதானமாகும். காரிலும் நடப்பது அதே இயற்பியல்தான்.

டயர், ரிம், ஹப், பிரேக், சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ஒரு பகுதி எல்லாம் சேர்ந்து ஒரு மூலையில் சுமார் 35 கிலோ இருக்கும் என்று கொள்வோம். இந்தக் கனத்துக்குக் கீழே டயரின் காற்று ஒரு ஸ்பிரிங். மேலே சஸ்பென்ஷன் இன்னொரு ஸ்பிரிங். டயர் மிக விறைப்பானது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறத்தாழ 20 கிலோ விசை வேண்டும். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் விறைப்பு அதில் பத்தில் ஒரு பங்கு. இந்த எண்களைப் போட்டுக் கணக்கிட்டால், அந்த 35 கிலோ தன் போக்கில் மேலும் கீழும் துள்ளும் இயல்பான வேகம் வினாடிக்குச் சுமார் பன்னிரண்டரை முறை என்று வருகிறது. சக்கரத்தின் சுற்றும் அதே எண்ணிக்கையைத் தொடும்போது ஒவ்வொரு தட்டும் முந்தைய துள்ளலோடு கைகோத்துக்கொள்கிறது. இதுதான் ஒத்ததிர்வு. நம் டயருக்கு அந்த இடம் மணிக்கு 86 கி.மீ.யை ஒட்டி வருகிறது.

வண்டிக்கு வண்டி இந்த இடம் மாறும். பெரிய டயர் அதே சாலை வேகத்தில் மெதுவாகச் சுற்றும் என்பதால், எஸ்.யூ.வி.களில் ஆட்டம் சற்று மேலான வேகத்தில் தொடங்கக்கூடும். ஆனாலும் எண்பதுக்கும் நூற்றுப்பத்துக்கும் இடையே என்ற வரம்புக்குள்தான் பெரும்பாலான புகார்கள் வருகின்றன.

நம் உடம்பும் இதில் ஒரு கூட்டாளி. கைகளுக்கு வரும் அதிர்வை மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. 5349 தரநிலை, ஏறத்தாழ 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையுள்ள, அதாவது வினாடிக்கு 8 முதல் 16 முறை வரும், அதிர்வுக்கே அதிக மதிப்பெண் தருகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் சக்கரம் சுற்றுவதும் சரியாக அந்த வரம்பில்தான். சக்கரம் அதிகம் துள்ளும் இடமும் கை அதிகம் உணரும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அச்சு ஒன்றாக இருந்த காலம்

முன்சக்கர ஆட்டம் கார்த் தொழிலையே ஒரு காலத்தில் அலைக்கழித்திருக்கிறது. 1920களில் காற்றழுத்தம் குறைந்த அகலமான டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் பரவியபோது, முன்சக்கரங்கள் இரண்டும் இடம் வலமாக வெடவெடவென்று அடித்துக்கொள்ளும் கோளாறும் கூடவே வந்தது. 'ஷிம்மி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925இல் இதை ஆராய்ந்து, டயர் பக்கவாட்டில் வழுக்கும் விதத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார்.

அன்றைய கார்களில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு இணைத்தது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும். வேகமாகச் சுற்றும் சக்கரத்தைச் சாய்த்தால் அது செங்குத்தான இன்னொரு அச்சில் திரும்பப் பார்க்கும். பம்பரத்துக்கும் ஜைரோஸ்கோப்புக்கும் உள்ள அதே குணம். சாய்வு திருப்பத்தை உண்டாக்க, திருப்பம் மறுபடி சாய்வை உண்டாக்க, ஆட்டம் தனக்குத்தானே தீனி போட்டுக்கொள்ளும். ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி போன்றவர்கள் 1930களின் தொடக்கத்தில் முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிடும் அமைப்புக்காக வாதாடினார்கள். 1934 மாடல்களில் அந்நிறுவனம் அதைக் கொண்டுவந்ததற்குச் சொகுசு மட்டும் காரணமில்லை. ஷிம்மியிலிருந்து தப்பிப்பதும் ஒரு காரணம். இன்றும் முன்பக்கம் ஒற்றை அச்சு உள்ள ஜீப் வகை வண்டிகளில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் அடித்துக்கொள்வதுண்டு. வேகத்தைக் குறைத்தால்தான் அது நிற்கும்.

தனித் தொங்கல் உள்ள நம் கார்களில் ஆட்டம் தனக்குத்தானே தீனி போடுவது அரிது. அதற்குத் தீனி வெளியிலிருந்து, பெரும்பாலும் சக்கரத்திலிருந்து, வரவேண்டும். அதனால் தேடலும் எளிதாகிறது.

சாலையில் நான்கு கேள்விகள்

கடைக்குப் போகுமுன் நெரிசலில்லாத நேரான சாலையில், வேக வரம்புக்குள், வண்டியிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம்.

முதல் கேள்வி: எங்கே உணர்கிறோம்? ஸ்டியரிங் வளையம் இடம் வலமாக நடுங்கினால் சந்தேகம் முன்சக்கரங்கள் மேல். கை அமைதியாக இருந்து இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்கள் மேல். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் தொடங்குவதற்கு இது போதும்.

இரண்டாவது: கியரை மாற்றினால் மாறுகிறதா? ஐந்தாவது கியரில் தொண்ணூறில் ஆடும் வண்டியை, அதே தொண்ணூறில் நான்காவது கியருக்கு மாற்றிப் பாருங்கள். எஞ்சினின் சுற்று ஏறியிருக்கும். சக்கரத்தின் சுற்றில் மாற்றமில்லை. ஆட்டம் அப்படியே இருந்தால் எஞ்சினும் அதன் மவுண்டுகளும் நிரபராதிகள். ஆட்டம் மாறிவிட்டால் சக்கரத்தை விட்டுவிட்டு பானெட்டைத் திறக்கவேண்டும்.

மூன்றாவது: மிதிக்கும்போது மட்டும் வருகிறதா? ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆடி, காலை எடுத்ததும் சட்டென்று நின்றால், முன்சக்கர இயக்கக் கார்களில் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்டைப் பார்க்கவேண்டும். பல கார்களில் அந்த ஜாயிண்டுக்குள் மூன்று உருளைகள் உண்டு. அவை ஓடும் தடம் தேய்ந்துவிட்டால், பாரம் ஏறும்போது சுற்றுக்கு மூன்று முறை தட்டும். சக்கரத்தின் எடைக் குறைக்கு மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

நான்காவது: பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா? அப்படியானால் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அது டிஸ்க்கின் விவகாரம், பின்னால் வருவோம்.

கையுணர்வில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஸ்மார்ட்ஃபோன் உதவும். அதற்குள் முடுக்கத்தை அளக்கும் சிறு உணரி இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலி, அந்த உணரியின் அளவுகளை அலைவெண் வாரியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும். பக்கத்தில் இருப்பவர் ஃபோனை இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தை ஒட்டி அசையாமல் வைத்து, வண்டி ஒரே வேகத்தில் ஓடும்போது சிறிது நேரம் பதிவு செய்தால் போதும். 90 கி.மீ.யில் 13 ஹெர்ட்ஸில் கோடு எழும்பினால் சக்கரம். ஐம்பதைச் சுற்றி எழும்பினால், பின்சக்கர இயக்க வண்டிகளில், சக்கரத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். பொதுவாக அந்த அதிர்வு நடுக்கமாக இல்லாமல் முனகலாகக் காதில் விழும். எண்பது, நூறு ஹெர்ட்ஸில் எழும்பினால் எஞ்சின்.

மெஷின் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

கோளாறு சக்கரத்தில் என்று தெரிந்தபின் பாலன்சிங் மெஷினுக்குப் போகுமுன் ஜாக்கி போட்டு ஒரு சுற்றுப் பார்ப்பது நல்லது. வயல் ஓரமோ மண் சாலையோ போய்வந்த வண்டியில் ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். கைப்பிடி மண் இருந்தாலே முப்பது கிராமுக்கு மேல் வந்துவிடும். எடை ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருக்கலாம். பஞ்சருக்காக உள்ளே ஊற்றிய திரவம், வண்டி நிற்கும்போது அடியில் தேங்கி, ஓட்டத் தொடங்கியதும் எடையை இடம் மாற்றும். இவற்றுக்கெல்லாம் மருந்து தண்ணீர்க் குழாயும் துணியும்தான்.

அடுத்தது மெஷின். தொழிலாளி சக்கரத்தைத் தண்டில் ஏற்றி, நடுத்துளைக்குப் பொருத்தமான கூம்பைச் செருகி, பெரிய நட்டால் இறுக்குகிறார். ஒரு கம்பியை இழுத்து ரிம்மின் தூரத்தை அளக்கிறார். அகலத்தையும் விட்டத்தையும் பதிகிறார். மூடியை இறக்கியதும் சக்கரம் சில வினாடிகள் சுற்றி நிற்கிறது. திரையில் இடப்பக்கம் 25, வலப்பக்கம் 15. சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்ப, விளக்கு எரியும் இடத்தில் உச்சியில் எடையை அடிக்கிறார். மறுபடி சுற்று. இரண்டு பக்கமும் சுழி.

இரண்டு எண்கள் எதற்கு? ஒரு சக்கரம் இரண்டு விதமாகச் சமநிலை இழக்கும். ஒரு புறம் மொத்தமாகக் கனம் கூடினால் சக்கரம் மேலும் கீழும் துள்ளும். கனம் கூடிய இரண்டு இடங்கள், ஒன்று உள்விளிம்பிலும் மற்றொன்று நேர் எதிரே வெளிவிளிம்பிலும் இருந்தால், நிறுத்தி வைத்துப் பார்த்தால் சக்கரம் துல்லியமாக நிற்கும். சுற்றும்போது மட்டும் இடம் வலமாகக் கோணிக்கொள்ளும். ஸ்டியரிங்கை அதிகம் உலுக்குவது இந்த இரண்டாவது வகை. வெளியே எடை தெரிவது அழகில்லை என்று அலாய் வீலின் உள்பக்கம் மட்டும் ஒரே இடத்தில் ஒட்டச் சொன்னால், துள்ளல் போகலாம், கோணல் மிஞ்சலாம்.

சுழி என்பதையும் கொஞ்சம் விசாரிக்கவேண்டும். பல மெஷின்கள் ஐந்து கிராம் அளவுக்குக் குறைவாக மிஞ்சுவதைச் சுழி என்றே காட்டும். மிச்சத்தைத் துல்லியமாகக் காட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தச் சொல்லிக் கேட்கலாம். கூம்பு சரியாக உட்காராவிட்டாலும், நடுத்துளையில் துரு இருந்தாலும் மெஷின் காட்டும் எண் பொய்யாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. சுழி வந்த சக்கரத்தைத் தளர்த்தி, தண்டின் மேல் அரைச்சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். அப்போதும் சுழிக்கு அருகில் நின்றால் நம்பலாம். பதினைந்து, இருபது என்று குதித்தால் எடையை இதுவரை தவறான இடத்தில் அடித்திருக்கிறோம்.

எடை ஈயமா, துத்தநாகமா, இரும்பா என்பதால் சமநிலையில் வேறுபாடு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜூலையிலிருந்து புதிய கார்களில் ஈய எடையைத் தடுத்ததற்குக் காரணம், அவை சாலையில் விழுந்து தேய்ந்து மண்ணிலும் நீரிலும் கலப்பதுதான்.

சுழி வந்தும் ஆடினால்

பாலன்சிங் செய்தும் போகாத ஆட்டம்தான் மிகுதியான பணத்தைத் தின்கிறது. ஒரே சக்கரத்தை மூன்று கடையில் பாலன்ஸ் செய்பவர்கள் உண்டு. மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றுகிறது. வண்டியோ அதைத் தரையில் அழுத்தி உருட்டுகிறது. அந்தரத்தில் தெரியாத குறைகள் தரையில் தெரியும்.

சக்கரம் சரியான வட்டமாக இல்லை என்று வைப்போம். ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர் மேடு. எடை கட்டி அதைச் சமன்செய்துவிடலாம், மெஷினும் சுழி காட்டும். ஆனால் டயரின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 கிலோ என்று பார்த்தோம். அந்த மேடு தரையைத் தொடும் ஒவ்வொரு சுற்றிலும் பாரம் பத்து கிலோ கூடி, எதிர்ப்புறம் தொடும்போது பத்து கிலோ குறையும். முப்பது கிராம் எடைக் குறை நூறு கி.மீ.யில் தரும் விசையைப்போல இது இருமடங்கு. எத்தனை எடை அடித்தாலும் இது தீராது.

டயர் வட்டமாகவே இருந்து, உள்ளே இரும்புப் பட்டையோ நூலடுக்கோ ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று கூடுதலாக ஏறியிருந்தாலும் அந்த இடம் விறைப்பாகி இதே வேலையைச் செய்யும். இதை அளக்க, பல நூறு கிலோ விசையோடு ஒரு உருளையை டயரின் மேல் அழுத்திச் சுற்றும் மெஷின்கள் வந்துவிட்டன. ரோடு ஃபோர்ஸ் பாலன்சிங் என்று விசாரித்தால் பெரிய நகரங்களில் சில இடங்களில் கிடைக்கும்.

அந்த மெஷின் இல்லாத ஊரிலும் வழி உண்டு. புது டயரின் பக்கச்சுவரில் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள் இருப்பதைப் பார்த்திருக்கலாம். பொதுவாக மஞ்சள் என்பது டயரின் கனம் குறைந்த இடம். காற்று வால்வுக்கு நேராக அதை வைப்பார்கள். சிவப்பு என்பது விறைப்பு கூடிய இடம்; ரிம்மில் தாழ்வான இடத்துக்குக் குறி இருந்தால் அதோடு அதைச் சேர்ப்பார்கள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் அடங்கிவிடும் என்பது கணக்கு. புள்ளிகள் அழிந்துபோன பழைய டயரானால், காற்றை இறக்கி டயரை மட்டும் ரிம்மின் மேல் அரைச்சுற்றுத் திருப்பி ஏற்றி, மறுபடி பாலன்ஸ் செய்யலாம். ரிம்மின் மேடும் டயரின் மேடும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் இந்த ஒரு திருப்பத்தில் ஆட்டம் பெருமளவு குறையும்.

ரிம் பெண்டு ஆகியிருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சக்கரம் ஜாக்கியில் இருக்கும்போது, ஒரு சாக்பீஸை அசையாத ஏதாவது ஒன்றில் ஊன்றி, ரிம்மின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி ஒரே அளவாக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் உரசி மற்ற இடத்தில் விலகினால் ரிம் நெளிந்திருக்கிறது. பட்டறையில் இதையே டயல் கேஜ் வைத்து அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் யோசிக்கவேண்டியதுதான். பெரும்பாலும் நெளிவது உள்பக்க விளிம்பு என்பதால் வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

ரிம் நேராக இருந்தும் வண்டியில் கோணலாக மாட்டப்பட்டிருக்கலாம். டயரும் ரிம்முமாகச் சக்கரம் 15 கிலோ என்றால், அதன் மையம் 0.1 மி.மீ. விலகினாலே விளிம்பில் 8 கிராம் குறைந்ததற்குச் சமம். ஹப் முகத்தில் துரு, பிற்பாடு வாங்கி மாட்டிய அலாய் வீலின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருப்பது, நட்டுகளை ஒரு பக்கமாகவே இறுக்கியது ஆகிய மூன்றும் இந்த விலகலைத் தரும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, பெரிய துளைக்கு வளையம் போட்டு, நட்டுகளை எதிரெதிராக இறுக்கினால் சரியாகும். ஏர் கன்னால் வெறுமனே அடித்து விட்டுவிடாமல், வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லவேண்டும்.

நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டி முதல் சில கிலோமீட்டர்கள் தடதடப்பதும் உண்டு. டயருக்குள் இருக்கும் நைலான் அடுக்கு, சூடாக வந்து நின்று ஆறும்போது, தரையில் தட்டையாக அமுங்கிய வடிவத்திலேயே இறுகிவிடும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடி மறுபடி சூடேறியதும் பெரும்பாலும் வட்டத்துக்குத் திரும்பிவிடும். குளிர்ந்த டயரில் ஆடி, போகப்போகச் சரியாகும் நடுக்கத்துக்கு எந்தச் செலவும் செய்யவேண்டாம்.

பழி சுமக்கும் உறுப்புகள்

டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவை அதிகம் மாற்றப்படுகின்றன. இவற்றில் எதுவும் வினாடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுவதில்லை. சுற்றாத உறுப்பு சீரான நடுக்கத்தைத் தானாக உண்டாக்காது. சக்கரம் உண்டாக்கியதைப் பெருக்கிக் கைக்குக் கொண்டுவரும். பத்து கிராம் குறையை நல்ல புஷ் விழுங்கிவிடும். கிழிந்த புஷ் அப்படியே ஸ்டியரிங்குக்கு அனுப்பிவிடும். தேய்ந்த உறுப்பைப் பாதுகாப்புக்காக மாற்றியே ஆகவேண்டும். ஆனால் அதை மாற்றியதும் நடுக்கம் போய்விடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மூலத்தை முதலில் சரிசெய்யவேண்டும்.

அலைன்மென்ட்டின் கதையும் இதுவே. சக்கரங்களின் கோணம் பிசகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். கோணம் என்பது நிலையான ஒன்று. சுற்றுக்கு ஒருமுறை தட்ட அதற்கு வழியில்லை. பிசகிய கோணத்தோடு பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்துவிட்டால் ஆட்டமும் இரைச்சலும் வரும். அந்த நிலையில் அலைன்மென்ட் செய்தாலும் தேய்ந்த டயர் தேய்ந்ததுதான். டயரில் நைட்ரஜன் நிரப்புவதற்கும் இந்த நடுக்கத்துக்கும் தொடர்பே இல்லை.

பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்கும் வண்டிக்கு வருவோம். டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். பெரும்பாலான வேளைகளில் நடப்பது வேறு. டிஸ்க் ஹப்பின் மேல் மிகச் சிறிய கோணலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் பேடை ஓரிடத்தில் மட்டும் உரசிச் செல்லும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பின் அந்த இடம் தேய்ந்தோ, பேடின் பொருள் படிந்தோ, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் இருபது பங்கு வேறுபாடு இருந்தாலே கால் உணரும். டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீராக்கலாம். குறைந்தபட்சத் தடிமனைத் தாண்டியிருந்தால் மாற்றவேண்டும். ஹப் முகத்துத் துருவைத் தேய்க்காமல் புது டிஸ்க்கை மாட்டினால் அதே கோணல், அதே தேய்மானம், சில மாதத்தில் அதே நடுக்கம்.

ஓட்டவே கூடாத நடுக்கம்

நேற்றுவரை இல்லாத ஆட்டம் இன்று திடீரென்று வந்து, நாற்பது ஐம்பதிலேயே தெரிந்து, நாளுக்கு நாள் கூடினால் அது பாலன்சிங் சமாச்சாரம் இல்லை. டயருக்குள் இரும்புப் பட்டை ரப்பரிலிருந்து பிரியத் தொடங்கியிருக்கலாம். மேற்பரப்பில் உள்ளங்கையைத் தடவினால் ஓரிடத்தில் மேடு தட்டுப்படும், அல்லது பக்கச்சுவர் வீங்கியிருக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய மறுநாளே ஆட்டம் வந்தால் நட்டுகள் தளர்ந்திருக்கலாம். இரண்டிலும் வண்டியை ஓரங்கட்டிப் பார்ப்பதுதான் சரி. டயர் வீங்கியிருந்தால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கடைக்குப் போகவேண்டும்.

டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் முதுமையடையும்.

மற்ற நடுக்கங்களுக்கு அவசரம் இல்லை, வரிசை முக்கியம். முதலில் செலவில்லாத சோதனை: முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றி மாட்டி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். கையில் இருந்த நடுக்கம் இருக்கைக்குப் போய்விட்டால் கோளாறு கழற்றிய சக்கரத்தோடு பயணம் செய்திருக்கிறது. டயரையும் ரிம்மையும் பாருங்கள். கையிலேயே நின்றுவிட்டால் அது ஹப், டிஸ்க், ஷாஃப்ட் ஆகியவற்றில் இருக்கிறது. பிறகு சுத்தம், பிறகு பாலன்சிங், பிறகு வட்டம், கடைசியில்தான் புதுச் சாமான்.

மெக்கானிக்கிடம் போகும்போது "ஸ்டியரிங் ஆடுது" என்பதோடு நிறுத்தாமல், "எண்பத்தஞ்சுல ஆரம்பிச்சு நூறுல குறையுது, நாலாவது கியர்லயும் அப்படித்தான், பிரேக்ல மாற்றமில்ல, வீலை மாத்தினப்ப சீட்டுக்குப் போயிடுச்சு" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தில் எஞ்சின், பிரேக், ஷாஃப்ட், ஹப் எல்லாம் கழிந்துவிட்டன. மிச்சம் இரண்டு டயர், இரண்டு ரிம். நல்ல மெக்கானிக்குக் கேட்கவேண்டிய கேள்வி வேறு இருக்காது. இவ்வளவு கேட்ட பிறகும் லோயர் ஆர்ம் மாற்றலாம் என்பவரிடம், அது வினாடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.